இடப்பக்கம்

எங்களுக்கு முன்னமே மைதானத்துக்கு வந்துவிடும்
கோட்டை வாசல் மான்கள்.
விசிலுக்கு அசையாது.
பெனால்டிப் பெட்டிக்குள் ஒன்று
ஷொப்பிங் பை தின்றுகொண்டு நிற்கும்.
அதைக் கலைப்பதுதான் பதின்மூன்று வயதில்
அணியில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு.
"கொம்புள்ளதையே துரத்தினவள்,
இவள் லெஃப்ட் பேக் நிக்கட்டும்" என்றார் மாஸ்டர்.
பகிடிக்குத்தான் சொன்னார்.
இருபது வருசம் நின்றேன்.

கோலுக்குக் கட்டியிருந்தது
திருக்கடலூரில் கழித்துப்போட்ட வலை.
எத்தனை மாரி கழுவியும்
சூடை மணம் போகவில்லை.
பந்து உள்ளே போனால் காகங்கள் எழும்பும்.
கண்ணை மூடிக்கொண்டே ஸ்கோர் சொல்லலாம்.

பிறகு கடற்படை அணிக்கு ஆள் எடுத்தார்கள்.
சம்பளம், பூட்ஸ், காலையில் இரண்டு முட்டை,
படுக்க ஒரு கட்டில்.
தொழிலுக்குப் போக அப்பா பாஸ் நீட்டிய
அதே ஆட்களிடம்
நான் கையெழுத்துப் போடவேண்டும்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை.
ஒருத்தரும் கேட்காத அந்தப் பாஸ்
பிளாஸ்டிக் உறையோடு
இன்னும் அவர் சட்டைப்பையில்தான் கிடந்தது.
அம்மா பாரையின் செதிலை உரசியபடி கேட்டா:
"பென்சன் இருக்கோ?"
இருக்கு.
"அப்ப பிறகென்ன."
செதில் ஒன்று அவவின் நெற்றியில் ஒட்டியிருந்தது.
நான் சொல்லவில்லை.

புவிதாரணி என்ற பெயருக்கு
ஜேர்சி அச்சடிப்பவன் எழுத்துக்கு எழுத்து காசு கேட்டான்.
இங்கிலிஷில் நாலெழுத்தோடு நிறுத்தச் சொன்னேன்.
அன்றிலிருந்து புவி.
கொழும்பு ஒலிபெருக்கியில் பூவி.
மாலைதீவில் மூன்று மாதம் ஆடியபோது
புபி என்றார்கள்;
வங்கிக்கு மட்டும் முழுப்பெயரும் பிழையில்லாமல் போனது.
"மகே!" என்று கத்திப் பந்தை எடுக்கப் பழகினேன்.
என்னுடையது என்று அர்த்தம்.
தமிழில் அதைக் கத்தி முடிக்கமுன்
பந்து வெளியே போய்விடும்.

அந்த இறுதி ஆட்டம்.
எதிரே முல்லைத்தீவுப் பிள்ளைகள்.
எழுபத்தெட்டாவது நிமிடம், கோல் இல்லை.
அவர்களின் பத்தாம் நம்பர்
ஒளிக்காமல், சைகை செய்யாமல்,
வாய்விட்டே சொன்னாள்:
"வலப்பக்கம் விடாதையடி, அந்த உயரமானவள் நிக்கிறாள்.
நடுவால தா, நான் ஓடுறன்."
அவளுடைய வலப்பக்கம்
என்னுடைய இடப்பக்கம்.
நீலச் சட்டைக்குள் அந்த மொழி விளங்கும் என்று
அவளுக்கு ஆர் சொல்லியிருப்பார்?

பந்து புறப்படமுன் நான் நடுவில் நின்றேன்.
விலாசம் எழுதிய தபால் மாதிரி
காலடிக்கே வந்தது.
அங்கிருந்து நாலு உதை. கோல்.
காகம் எழும்பவில்லை, அது வேறு ஊர்.

கைகுலுக்கும் வரிசையில் என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.
"நல்லா ஓடினீங்க, தங்கச்சி."
நின்றுவிட்டாள்.
"அக்கா தமிழோ?"
பிறகு, கொஞ்சம் பிந்தி,
"அப்ப... விளங்கினதோ?"
ஓம்.
சிரித்தாள்.
கை மட்டும் சற்று முந்தி விடுபட்டது.

அன்றிரவு பதினேழு விதிகளையும் வாசித்தேன்.
கையில் பட்டால் குற்றம்.
காதில் பட்டால்
ஆட்டம் தொடரும்.

இப்போது முப்பத்துமூன்று. பென்சனுக்கு இன்னும் கொஞ்சம்.
களஞ்சியத்தில் காற்சட்டை எண்ணுகிறேன்:
மீடியம், லார்ஜ், மீடியம்.
லீவில் வரும்போது விடியப்புறம் மைதானத்தைப் பார்ப்பேன்.
மான்கள் பெருகிவிட்டன.
ஒன்றையும் கலைப்பதில்லை.

ஆனால் நாற்பத்தொன்பதாம் நம்பர் பஸ்ஸில்,
ஹபரணை தாண்டி எல்லோரும் தூங்கும் நேரம்,
பின் சீட்டில் யாராவது தமிழில்
இரகசியம் பேசத் தொடங்கினால்
இந்த இடது கால் தானாகவே
நடுவுக்கு ஓரடி நகர்கிறது.
முன் சீட்டுக் கம்பியில் முழங்கால் இடிக்கும்.
ஒப்பரேசன் செய்த முழங்கால்.